அப்பாவின் கைநாட்டு

என் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று சொல்லும் அஃபிடவிட் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஜெராக்ஸ்தான். அசல் நான் படித்த கல்லூரியின் ஏதாவது ஓர் அலமாரியில் கிடக்கும், இல்லாவிட்டால் பழைய பேப்பரோடு எடைக்குப் போயிருக்கும். இந்த மழைக்காலத்தில் முலுண்டில் வீடு மாற்றும்போது, பழைய மார்க் ஷீட்டுகளுக்கு நடுவிலிருந்து அது கீழே விழுந்தது. எடுத்துப் படித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அந்த நாட்களிலும் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை என்பதால் அதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை. ஆனால் அதைத் திரும்ப மடித்து ஃபைலுக்குள் வைக்கக் கை வரவில்லை. இரண்டு நாளாக டி.வி.க்குப் பக்கத்தில் கிடக்கிறது. எழுதிவிட்டாலாவது அதை எடுத்து வைக்க முடிகிறதா பார்க்கலாம்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மும்பை ஃபோர்ட் பகுதியில் ஏழு மாடி அரசாங்கக் கட்டடம் ஒன்றில் அவர் லிஃப்ட்மேனாக இருந்தார். ஊரில் எட்டாவது வரை படித்தவர். லிஃப்ட்டுக்குள் ஒரு ஸ்டூல் உண்டு. அதில் உட்கார்ந்தபடி தமிழ்ப் பேப்பரைத் தலையங்கத்திலிருந்து இரங்கல் விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் படித்துவிடுவார். கையெழுத்து மணி மணியாக இருக்கும். தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் சந்தில் யாருக்காவது ஊருக்கு மனு எழுத வேண்டும், கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்க்க வேண்டும் என்றால் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மைப் பேனா. எனக்கு அந்தத் தமிழ் வரவில்லை. ஹிந்தியில் பேசி, இங்கிலீஷில் படித்து, தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிற பெண்ணாகத்தான் வளர்ந்தேன். இப்போது இந்த அளவுக்கு எழுத வந்திருப்பது வேலைக்குப் போன பிறகு நானாக உட்கார்ந்து கற்றுக்கொண்டது. ஏன் கற்றுக்கொண்டாய் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கல்லூரி மாட்டுங்காவில்தான். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி. மார்க் இருந்ததால் ஓப்பன் ஸீட்டிலேயே, அதாவது பொதுப் பிரிவிலேயே, இடம் கிடைத்தது. ஓப்பனைத் தவிர வேறு வழியும் கிடையாது. என் பள்ளிச் சான்றிதழில் சாதி என்ற இடத்தில் ‘ஹிந்து தமிழ்’ என்று எழுதியிருக்கும். அப்படி ஒரு சாதி உலகத்தில் எங்கேயும் இல்லை. தாராவிப் பக்கம் நிறைய பேருடைய சான்றிதழில் இப்படி ஏதாவது இருக்கும். ஹிந்து தமிழ், ஹிந்து மதராசி. எங்கள் சாதி என்ன என்று சந்தில் எல்லோருக்கும் தெரியும், காகிதத்துக்கு மட்டும் தெரியாது.

இரண்டாம் வருஷத்தில் ஒரு நாள் கெமிஸ்ட்ரி லேபில் இருக்கும்போது அம்மா போன் செய்தாள். “லேப்ல நிக்கேம்மா, பொறவு கூப்பிடுதேன்” என்று சொல்லி வைத்தேன். பின்னால் மேடம் நின்றிருந்தார். எங்களுக்குப் பிராக்டிகல் எடுக்கிறவர். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம்.

“அட, தமிழா நீ? சொல்லவே இல்லையே!” என்றார். முகத்தில் நிஜமான சந்தோஷம். “எந்த ஊர்?”

“திருநெல்வேலிப் பக்கம், மேடம்.”

“இங்க எங்க இருக்கேள்?”

“லேபர் கேம்ப்.”

“அப்பா என்ன பண்றார்?”

“லிஃப்ட்மேன்.”

“ஓ” என்றார். அடுத்த கேள்வி ஒன்று இருந்தது. அதை அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

அடுத்த வாரத்திலிருந்து ஆரம்பித்தது. பிராக்டிகல் முடிந்ததும் அவரவர் கண்ணாடிச் சாமான்களை அவரவரே கழுவி வைப்பதுதான் வழக்கம். மேடம் என்னைத் தனியாக, தமிழில், பிரியமாகவே கூப்பிட்டார். “நீ சீக்கிரமா முடிச்சுட்டு இவா எல்லாரோடதையும் அலம்பிடேன். உங்களுக்கெல்லாம் கை பழகியிருக்கும்.” லேபில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. வேண்டப்பட்ட பெண்ணிடம் ஏதோ வீட்டு விஷயம் பேசுகிறார் என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். பக்கத்து மேஜைக் குஜராத்திப் பெண், “நீங்கள் ரெண்டு பேரும் சொந்தமா?” என்றுகூடக் கேட்டாள். சொந்தம்தான் என்று சொல்லி வைத்தேன். எதற்கு வம்பு.

முடியாது என்று ஏன் சொல்லவில்லை என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டாகிவிட்டது. கேட்பவர்களுக்கு என்ன, வாய் இருக்கிறது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். வாரத்தில் இரண்டு நாள், முழு பேட்ச்சுடைய பியூரெட், பிப்பெட், ஃபிளாஸ்க் அனைத்தையும் சிங்கில் நின்று கழுவினேன். கறை போகாததற்கு ஆசிட் ஊற்றித் தேய்க்க வேண்டும். விரல் நுனிகள் வெளுத்து, தோல் உரிந்து, பிறகு அந்த இடத்தில் சூடு குளிர் எதுவும் தெரியாமல் போயிற்று. வீட்டில் கொதிக்கிற டீத் தம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். “ஏட்டி, ஒனக்குச் சுடலியா?” என்பாள் அம்மா. கையில் என்ன என்று கேட்டபோது, லேபில் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்றேன்.

மேடத்தைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் ஒரு தடவை நான் காய்ச்சலோடு வந்தபோது ஆட்டோ வைத்து வீட்டுக்கு அனுப்பினார். தன் பழைய புத்தகம் ஒன்றைக் கொடுத்தார், இன்றும் என்னிடம் இருக்கிறது. அவருக்கு என்மேல் வெறுப்பு ஏதும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. நான் சிங்க் பக்கம் நிற்பது அவர் கண்ணுக்கு இயல்பாக இருந்தது, வேறொன்றுமில்லை.

வருஷக் கடைசியில்தான் தலைக்கு வந்தது. மும்பையில் சயன்ஸ் படித்தவர்களுக்கு ஜர்னல் என்றால் என்ன என்று தெரியும். செய்த ஒவ்வொரு சோதனையையும் அந்த நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசியில் டீச்சர் அதை சர்ட்டிஃபை செய்தால்தான் பிராக்டிகல் பரீட்சைக்கு உள்ளே விடுவார்கள். மேடம் என் ஜர்னலைப் புரட்டிவிட்டு, ஏழு சோதனை முடிக்கவில்லை, சர்ட்டிஃபை செய்ய முடியாது என்றார். முடிக்கவில்லைதான். அந்த நேரமெல்லாம் சிங்கில் நின்றிருந்தேன்.

“அலம்பிட்டிருந்தேன், மேடம்.”

“அதுக்கெல்லாம் ஜர்னல்ல மார்க் இல்லையேம்மா” என்று சிரித்தார்.

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. கையெழுத்து கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் போகும்.

அன்று கான்டீனில் என் கையைப் பார்த்து “யே க்யா ஹுவா?”, என்ன ஆயிற்று இது, என்று கேட்டவள்தான் அக்கா. எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த மராத்திப் பெண், வீடு செம்பூரில். மற்றவர்கள் அவளை மராத்தியில் அக்கா என்று கூப்பிட்டார்கள், நான் தமிழிலேயே கூப்பிட்டேன். கல்லூரிகளில் சாதி பார்ப்பதை எதிர்த்து ஒரு மாணவர் குழு நடத்திவந்தாள். குழு என்றால் ஒன்பது பேர், ஒரு நீலத் துணிப் பேனர், ஒரு வாட்ஸ்அப் குரூப். செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அறையில் கூடுவார்கள். நான் சொன்னதையெல்லாம் கேட்டு, பத்து நிமிஷத்தில் ஒரு புகார் எழுதிவிட்டாள். என்னைவிட நன்றாக எழுதினாள். படித்தபோது யாரோ பாவப்பட்ட பெண் ஒருத்தியைப் பற்றிப் படிப்பதுபோல் இருந்தது. அவளுக்காகக் கொஞ்சம் வருத்தம்கூடப் பட்டேன்.

பிரின்சிபல் அறைக்கு முன்னால் இருக்கும் படிக்கட்டில் நான்கு நாள் உட்கார்ந்தோம். ஒவ்வொருவர் முன்னாலும் கழுவிக் கவிழ்த்த ஒரு பீக்கர். அது அக்காவின் யோசனை. முதல் நாள் ஒன்பது பீக்கர், நான்காவது நாள் படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. லேபில் என்னோடு படித்தவர்களில் சிலரும் வந்து உட்கார்ந்தார்கள். அந்தக் குஜராத்திப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். “சொந்தம் என்று நினைத்தேனே” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான்தான் அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. எல்லோரும் கோஷம் போடும்போது நானும் வாயசைத்தேன். என் பெயரை யாரோ உரக்கக் கத்தியபோது திரும்பிப் பார்த்தேன், என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து.

நான்காவது நாள் பிரின்சிபல் வெளியே வந்தார். தலித் மாணவர்களின் புகார்களை விசாரிக்கக் கல்லூரியில் ஒரு கமிட்டி இருக்கிறது, அதில் கொடுங்கள் என்றார். கொடுத்தோம். கமிட்டி என்பது மூன்று ஆசிரியர்கள். என் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டுத் தலைவர் சொன்னார், “நீ ஓப்பன் ஆயிற்றே. ரெக்கார்டில் சாதி இல்லாதவள் சாதிப் புகார் எப்படிக் கொடுக்க முடியும்?” அக்கா விடவில்லை. அரை மணி நேரம் வாதாடினாள். கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். நெருங்கிய உறவினர் ஒருவரின் சாதிச் சான்றிதழும், என் சாதி பள்ளியில் தவறாகப் பதிவாகிவிட்டது என்று அப்பா தரும் அஃபிடவிட்டும் வேண்டும். இரண்டும் வந்தால் புகாரை எடுத்துக்கொள்வார்கள், விசாரணை முடியும்வரை பரீட்சை எழுதவும் விடுவார்கள். பதினைந்து நாள் கொடுத்தார்கள். ஊரிலிருந்து சித்தப்பா தன் சான்றிதழைப் படம் எடுத்து அன்றைக்கே அனுப்பிவிட்டார். பாக்கி அப்பாதான்.

அதற்குள் அக்கா ஒரு நோட்டீஸ் தயாரித்தாள். “பள்ளி கிளார்க் ஒருவனின் மேல்சாதித் திமிர் இந்தப் பெண்ணின் அடையாளத்தையே அழித்துவிட்டது” என்று அதில் ஒரு வரி. அதற்குக் காரணம் நான்தான். யார் அப்படி எழுதினார்கள் என்று அவள் கேட்டபோது, கிளார்க் என்றேன். யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. கிளார்க் என்றால் அப்படித்தான் இருப்பான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். எங்கள் சந்துகளில் கொடுக்கத் தமிழிலும் நோட்டீஸ் வேண்டும் என்றார்கள். என் தமிழ்தான் லட்சணமாயிற்றே. குத்துமதிப்பாக எழுதி, பிழை பார்க்க அப்பாவிடம் கொடுத்தேன். லேபில் நடந்தது எதுவும் அதுவரை அவருக்குத் தெரியாது. வாயால் சொல்வதைவிட இப்படிக் கொடுத்துவிடுவது எனக்கு எளிதாக இருந்தது.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். ஒற்று, சந்தி, கால், கொம்பு என்று வரிசையாகத் திருத்திக்கொண்டே போனார். சிங்க் வந்தது, ஆசிட் வந்தது, விரல் வந்தது. பேனா நிற்கவில்லை. என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கிளார்க் வரியில் நின்றது.

“இது தப்பு” என்றார்.

“எந்த எழுத்துப்பா?”

“எழுத்துல்லாம் சரிதான். கிளார்க் ஒண்ணும் செய்யல. அவன் பாவம், என்ன சாதின்னு ரெண்டு தடவ கேட்டான். நாந்தான் ஹிந்து தமிழ்னு சொன்னேன். அப்படி ஒண்ணு கெடையாதேன்னான். எழுதுங்க சாப்னேன்.”

“ஏம்ப்பா?”

அவர் பேனாவை மூடி, திரும்பத் திறந்தார். “ஊர்ல எங்க வாத்தியாரு ஆஜர் எடுக்கும்போதே சாதியச் சேத்துத்தான் கூப்பிடுவாரு. எட்டு வருசமும் அப்படித்தான். ஸ்காலர்ஷிப் போயிரும்னு தெரியும்ட்டி. தெரிஞ்சுதான் சொன்னேன். ஒனக்காவது வெறும் பேரா இருக்கட்டும்னு நெனச்சேன்.”

அப்போது நான் கேட்டது இவ்வளவுதான்: “அப்ப அஃபிடவிட்டுக்கு என்ன செய்யது?”

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். அவள் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், சாதியை மறைக்காமல், தலை நிமிர்ந்து, யூனியனில் இருந்தவர். அவளுக்கு இது புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். புரிந்ததால்தான் பயந்தாள். “தெரிந்தே சொன்னார் என்றால் நம் கேஸ் அங்கேயே முடிந்தது. இதை வெளியே சொல்லாதே” என்றாள். அப்பா திருத்திக் கொடுத்த எல்லாப் பிழைகளையும் திருத்தி நோட்டீஸை அடித்தோம். அந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட்டோம்.

அஃபிடவிட் அடிக்க அப்பாவை அழைத்துக்கொண்டு கோர்ட் வாசலுக்குப் போனேன். அரை நாள் லீவு போட்டிருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. நடைபாதையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட், விஷயம் கேட்டதும் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த ஒன்றைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றி ஸ்டாம்ப் பேப்பரில் அடித்தான். இந்த மாதிரிக் கேஸ் எல்லாவற்றுக்கும் அதே வாசகம்தானாம். “எனது அறியாமையாலும் எழுத்தறிவின்மையாலும் என் மகளின் சாதி தவறாகப் பதிவாகக் காரணமாகிவிட்டேன்.” இங்கிலீஷில்.

“என்ன எழுதிருக்கான்?” என்றார் அப்பா.

“தெரியாம நடந்துட்டுன்னு எழுதிருக்குப்பா.”

“தெரியாமயா? தெரிஞ்சுதானட்டி சொன்னேன்.”

“ஃபார்ம் அப்படித்தான்ப்பா.”

அப்பா பேனாவைத் திறந்து, எங்கே போட வேண்டும் என்று பார்த்தார். டைப்பிஸ்ட் அவர் கையைத் தடுத்தான். “அரே சாச்சா, சைன் நஹீ, அங்கூட்டா!” என்று மை டப்பாவை முன்னால் தள்ளினான். எழுதத் தெரியாது என்று பேப்பர் சொல்கிறது, கையெழுத்துப் போட்டால் நோட்டரி திருப்பிவிடுவார், பெருவிரலை வை என்று எனக்கு விளக்கினான். அப்போதுதான் அந்தப் பேப்பரில் மிச்சம் என்ன எழுதியிருக்கிறது என்பது அப்பாவுக்கு விளங்கியிருக்க வேண்டும். திறந்த பேனாவோடு என்னைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் போன். “வைங்கப்பா, டைம் ஆகுது” என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு நான்கு அடி தள்ளிப் போனேன். ரோட்டில் ஹார்ன் சத்தம். காதைப் பொத்திக்கொண்டு, ஆயிற்று ஆயிற்று என்று அவளிடம் சொன்னேன். திரும்பி வந்தபோது பக்கத்து மேஜை நோட்டரி சீல் குத்தி முடித்திருந்தார். அப்பா கைக்குட்டையால் பெருவிரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேப்பரை வாங்கிப் பார்க்காமல் ஃபைலில் வைத்தேன். வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அப்போது இருந்தது வெட்கமில்லை, ஒரு வேலை முடிந்தது என்ற நினைப்பு மட்டும்தான்.

சித்தப்பாவின் சான்றிதழ் நகலில் ஓர் அதிகாரி அட்டெஸ்ட் செய்ய வேண்டியிருந்தது. மூன்றாம் மாடியில் இருக்கும் சாப் செய்து தருவார் என்று அப்பா என்னை அங்கிருந்து நேராகத் தன் ஆபீஸுக்கே கூட்டிப் போனார். அவர் ஓட்டும் லிஃப்ட்டில் நான் ஏறியது அந்த ஒரு தடவைதான். ஸ்டூலில் மடித்து வைத்த பேப்பர் இருந்தது. கூடவே ஏறிய ஓர் அதிகாரி அப்பாவின் விரலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “க்யா சாச்சா, அங்கூட்டா? நீங்கள் முழுப் பேப்பரையும் படிக்கிற ஆளாயிற்றே!”

“பேட்டி கா காம் தா, சாப்” என்றார் அப்பா. மகள் வேலை. அதைச் சொல்லும்போது முகத்தில் ஒன்றும் இல்லை. பித்தளைப் பலகையில் மை பட்டுவிடக் கூடாது என்று மூன்றாம் நம்பரைச் சுண்டுவிரலால் அழுத்தினார். நான் மாடி எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான்கு நாள் கழித்துக் கமிட்டி கூப்பிட்டது. தலைவர் அஃபிடவிட்டை என் பக்கம் திருப்பி, பென்சில் நுனியால் ஓர் இடத்தைத் தொட்டார். பெருவிரல் ரேகைக்குக் கீழே, விளிம்பை ஒட்டி, நீல மையில், பொடிப்பொடியாக ஆனால் அழுத்தமாக, அப்பாவின் பெயர். தமிழில். தாத்தாவின் முதலெழுத்து, புள்ளி, பிறகு முழுப் பெயர். சந்தில் யாருக்காவது சாட்சிக் கையெழுத்துப் போடும்போது எப்படிப் போடுவாரோ அப்படியே.

“இது என்ன?” என்று கேட்டார்.

அந்த அறையில் யாருக்கும் தமிழ் தெரியாது. சாமி பெயர் என்றோ ஊர்ப் பெயர் என்றோ எதை வேண்டுமானாலும் நான் சொல்லியிருக்கலாம். அக்கா பிறகு தலையில் அடித்துக்கொண்டு கேட்டது அதைத்தான். எனக்கு அது தோன்றவே இல்லை.

“கையெழுத்து, சார்.”

“யாருடையது?”

“என் அப்பாவுடையது.”

எழுத்தறிவில்லாதவர் என்று சொல்லும் பேப்பரில் அவரே கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பேப்பர் பொய் என்று ஆகிறது, இதை ஏற்க முடியாது என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. சனிக்கிழமைக்குள் புதிதாக ஒன்று கொண்டுவா, விரல் ரேகை மட்டும் இருக்கட்டும் என்று சொல்லி, நினைவுக்கு இதை வைத்துக்கொள் என்று அதன் ஜெராக்ஸைக் கையில் கொடுத்தார். இன்று டி.வி.க்குப் பக்கத்தில் கிடப்பது அதுதான்.

அன்று சாயங்காலமே செம்பூர் அறையில் அக்கா புது ஸ்டாம்ப் பேப்பரில் அதே வாசகத்தை அடித்துத் தயாராக வைத்திருந்தாள். “அஞ்சு நிமிஷ வேலை. காலையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு நேராக நோட்டரியிடம் வந்துவிடு. அவருடைய ஒரு கையெழுத்துக்காக உன் வருஷம் போகணுமா?” என்றாள். கேள்வியில் தப்பே இல்லை. சரி என்று சொல்லி, பேப்பரைப் பைக்குள் வைத்துக்கொண்டு குர்லாவில் ரயில் மாறி வீட்டுக்கு வந்தேன்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். மறுநாள் நான் போகவில்லை. சனிக்கிழமையும் போகவில்லை. அக்காவின் போனை எடுக்கவில்லை. புகார் மூடப்பட்டது, ஜர்னல் அப்படியே நின்றது, ஒரு வருஷம் போயிற்று. பரீட்சை நாட்களில் வழக்கம்போலக் கிளம்பி, மாஹிம் வரை நடந்து, சாயங்காலம் திரும்பி வந்தேன். ரிசல்ட் வந்தபோது ஃபெயில் என்று வீட்டில் சொன்னேன், அப்பா எதுவும் கேட்கவில்லை. வீட்டில் மிரட்டியிருப்பார்கள், பயந்துவிட்டாள் என்று வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ எழுதினார்கள். மேடம் பணம் கொடுத்துவிட்டார் என்று இன்னொருவர். நான் பதில் போடாமல் குரூப்பை விட்டு வெளியே வந்தேன். அந்தப் போராட்டத்தால் எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. அடுத்த வருஷம் லேபில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள்: அவரவர் சாமான்களை அவரவரே கழுவ வேண்டும். வேறொரு சார் என் ஜர்னலை சர்ட்டிஃபை செய்தார். மேடத்தை ஒரு தடவை மாட்டுங்கா மார்க்கெட்டில் பார்த்தேன். “அப்பா சௌக்கியமா?” என்று கேட்டார். சௌக்கியம் என்றேன். அக்காவுக்கு மட்டும் ஒரு விளக்கம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவள் அப்பாவைத் திட்டுவாள் என்று பயமாக இருந்தது.

செம்பூரிலிருந்து வந்த அந்தச் சாயங்காலத்துக்குத் திரும்புகிறேன். அப்பா டூட்டி முடிந்து வந்து, முகம் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். என் தோளில் பை, பைக்குள் புதுப் பேப்பர்.

“என்னட்டி, காயிதத்த ஏத்துக்கிட்டாகளா?”

“ஏத்துக்கிட்டாங்கப்பா.”

துண்டை மடித்தார். கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, ஏதோ சேட்டை செய்துவிட்ட பிள்ளை மாதிரி கேட்டார். “கீழ என் பேரப் போட்டிருந்தேனே, பாத்தாகளா? நோட்டரி சீலத் தேடிட்டிருந்தான், அந்தாக்குல போட்டுட்டேன்.”

“பாத்தாங்க.”

“ஒண்ணும் சொல்லலியே?”

“இது யாரோடதுன்னு கேட்டாங்க. எங்கப்பாவோடதுன்னு சொன்னேன்.”

அப்பா தலையை ஆட்டினார். கட்டிலில் உட்கார்ந்து, காலையில் பாதியில் விட்ட பேப்பரைப் பிரித்தார். நான் பையை ஆணியில் மாட்டிவிட்டு டீ போடப் போனேன். கொண்டுவந்து நீட்டியபோது, தம்ளரைத் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டின் நுனியால் பிடித்து வாங்கினார். அடுப்பிலிருந்து அவர் உட்கார்ந்திருந்த இடம்வரை நான் அதை வெறுங்கையில் கொண்டுவந்திருந்தேன்.